அஜினோமோட்டோவை விடுங்கள், சோறு எப்போது வடித்தது?

தேனியில் தொடங்கிக் கூடலூர் வரைக்கும், கல்யாண ரிசப்ஷன் என்றால் பஃபேயில் சைனீஸ் கவுண்டர் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் மூன்றும் மூடிபோட்ட பாத்திரங்களில் வரிசையாக நிற்கும். நானூறு ஐந்நூறு பேர் தட்டோடு அதைச் சுற்றி வருவார்கள். தேக்கடி, மேகமலை பார்க்க வரும் வேன் கூட்டத்துக்கு வழியோர ஓட்டல்கள் போடும் பஃபேயும் இதே கதைதான். அந்த வரிசையில் தவறாமல் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "அதை வாங்காதப்பா, அஜினோமோட்டோ போட்டிருப்பான், கேன்சர் வரும்." கொஞ்சம் கூடுதலாகத் 'தெரிந்தவர்' என்றால் பிள்ளை பிறக்காது என்பதையும் சேர்த்துக்கொள்வார். மறுநாள் பத்துப் பேருக்கு வாந்தி என்றால் விசாரணையே வேண்டாம், குற்றவாளி தயார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சலிப்பைவிடக் கவலைதான் அதிகம். இந்தப் பொய்க் குற்றவாளியைத் துரத்துகிற நேரத்தில், உண்மையான குற்றவாளி அதே கவுண்டரில் சோற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

அஜினோமோட்டோ சீனச் சரக்கே கிடையாது. 1908-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடல்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது அந்த வணிகப் பெயரில் கடைக்கு வந்தது. தேனி உழவர் சந்தையில் வாங்குகிற பழுத்த தக்காளியில் அதே குளூட்டமேட் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தானாகவே இருக்கிறது. தாய்ப்பாலில் புரதத்தோடு சேராமல் தனித்திருக்கும் அமினோ அமிலங்களில் மிகுதியானதும் அதுதான். தக்காளியிலிருந்து வந்ததா, பாக்கெட்டிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கக் குடலுக்குத் தெரியாது. பழி ஒட்டிக்கொண்டது 1968-இல். சீன உணவகங்களில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ராபர்ட் ஹோ மேன் குவாக் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அவரே சோயா சாஸ், சமையல் ஒயின், உப்பு என்று வேறு பல காரணங்களையும் சந்தேகித்திருந்தார். உலகம் பிடித்துக்கொண்டது ஒன்றை மட்டும். அடுத்த ஆண்டு எலிக்குஞ்சுகளின் தோலுக்கடியில் பெரிய அளவில் ஊசிபோட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. மனிதர் யாரும் ஃப்ரைட் ரைஸை ஊசியில் ஏற்றிக்கொள்வதில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் இந்தப் பொருளே இல்லை.

"எனக்கு உண்மையிலேயே தலைவலி வருகிறதே" என்பவர்களைப் பொய்யர்கள் என்று தள்ள முடியாது. அப்படிச் சொன்ன 130 பேரையே அமெரிக்காவில் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். எது எம்எஸ்ஜி என்கிற அஜினோமோட்டோ கலந்தது, எது வெறும் பானம் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. வெறும் வயிற்றில் 5 கிராம் கொடுத்தபோது சிலருக்குத் தொந்தரவு வந்தது உண்மை. ஆனால் மறுபடி மறுபடி சோதித்தபோது, எல்லாச் சுற்றிலும் எம்எஸ்ஜிக்கு மட்டுமே எதிர்வினை காட்டியவர்கள் 2 பேர். அவர்களுக்கும் அதே அறிகுறிகள் திரும்ப வரவில்லை. ஒரு தட்டு உணவில் வழக்கமாக விழுவது அரை கிராம் அளவுதான். உலகிலேயே கறாரான வரம்பை 2017-இல் வகுத்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்கூட ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்றது. 60 கிலோ ஆளுக்கு 1.8 கிராம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் பயப்பட வேண்டியது சோயா சாஸுக்கு. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், நாள் முழுவதற்குமான வரம்பே 2,000 மில்லிகிராம்.

இனி சோற்றுக்கு வருவோம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக வயலானாலும் சரி, தஞ்சாவூரானாலும் சரி, நெல்லோடு அதன் வித்துகள் அரிசிக்கு வந்து சேரும். கொதிக்கிற உலையில் பாக்டீரியா செத்தாலும் வித்து சாகாது. வடித்த சோறு அறைவெப்பத்தில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகும். அதற்குப் பிடித்த வெப்பம் 30 முதல் 37 டிகிரி, அதாவது சித்திரை மாதத்து மண்டபச் சமையல்கட்டு. பெருகும்போது சோற்றில் ஒரு நஞ்சைச் சுரந்து வைக்கும். ஃப்ரைட் ரைஸில் இது ஏன் அதிகம் என்றால், சுடுசோற்றை வாணலியில் போட்டால் குழையும். அதனால் காலையிலேயோ முந்தின இரவிலேயோ வடித்து ஆறப்போடுவது தொழில் வழக்கம். நூறு பேருக்கு வடித்த அண்டாச் சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வாந்தி எடுத்தபோது ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இதைத்தான். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்பது இந்த நஞ்சின் அடையாளம். நம்மூரில் அதற்கு 'அஜினோமோட்டோ ஒத்துக்கல' என்று பெயர் வைத்து மூடிவிடுகிறோம். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போவதில்லை, மிச்சச் சோறு பரிசோதனைக்குப் போவதில்லை, அடுத்த முகூர்த்தத்தில் அதே மாஸ்டர் அதே மாதிரி ஆறப்போடுகிறார்.

பெருந்தீயில் பிரட்டுகிறார்களே, எல்லாம் செத்துவிடாதா என்று கேட்பார்கள். பாக்டீரியா சாகும். சுரந்து வைத்த நஞ்சோ 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். மூடிபோட்ட பாத்திரத்துக்கு அடியில் விளக்கு எரிகிறதே என்றால், அது சூட்டைக் காப்பாற்றுவதற்கே தவிர ஆறியதைச் சூடாக்குவதற்கு இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கேட்கிற 60 டிகிரி அதில் நிற்கிறதா என்று ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தால்தான் தெரியும். பாட்டன் காலத்தில் பழைய சோறு தின்னவில்லையா என்பதுதான் கொஞ்சமாவது யோசித்துக் கேட்கிற கேள்வி. பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அதைப் புளிப்பாக்க, சீரியஸுக்கு வளர இடமில்லாமல் போகிறது. தண்ணீரும் புளிப்பும் இல்லாமல் தாம்பாளத்தில் உதிர் உதிராகக் கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

பஃபே வரிசையில் காதில் விழும் மற்ற நம்பிக்கைகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பஃபே முடிந்து வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையாது. கோபி சிவப்பாக இருந்தால் மிளகாய் தூக்கல் என்று பொருளில்லை. செயற்கை நிறமிக்காகத்தான் 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதன்மேல் பாய்ந்தது. பிளாஸ்டிக் அரிசி என்று இன்னும் நம்புகிறவர்களிடம் விவாதித்துப் பயனில்லை. மயோனைஸ் பற்றிய பயம் மட்டும் நியாயமானது: பச்சை முட்டையில் செய்ததைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததற்குக் காரணம் இருக்கிறது.

பெரிய கூட்டத்துக்கு என்ன வழி என்றால், பந்தி. பழமைவாதம் என்று சிரிக்கலாம். இலை போட்டு உட்காரவைத்தால் ஒரு பந்திக்கு வேண்டியது மட்டும் சமையல்கட்டிலிருந்து வாளியில் சூடாக வருகிறது, அரை மணியில் தீர்கிறது, அடுத்த பந்திக்கு அடுத்த ஈடு. நானூறு பேர் கை வைத்த ஒரே கரண்டி இல்லை, பழைய மிச்சத்தின் தலையில் புதிதைக் கொட்டுவதும் இல்லை. ஃப்ரைட் ரைஸைப் பந்தியில் பரிமாறினால் கௌரவம் குறைந்துவிடாது. பஃபேதான் என்று முடிவுசெய்துவிட்ட வீட்டார், ஒப்பந்தம் பேசும்போதே மாஸ்டரிடம் சோறு எத்தனை மணிக்கு வடிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். வடித்ததை அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆற்றி உடனே குளிர்பெட்டிக்குள் வைக்கச் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கவுண்டரில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி மண்டபத்து வேலையாட்களுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் அனுப்புவதை நிறுத்தலாம். அவர்களுக்குக் கொடுக்க நினைப்பதை ஏழு மணிக்கு, முதல் ஈட்டிலேயே எடுத்து அனுப்பிவிடலாம்.