காத்திருக்கும் காலத்தில் சிறு மகிழ்ச்சிகள்

திருமறைப் பகுதி: எரேமியா 29:4–10, 32:6–15

பாடத்தின் நோக்கம்: சொந்த மண்ணுக்குத் திரும்பும் நாள் வரை மகிழ்ச்சியை ஒத்திவைக்க வேண்டியதில்லை என்பதை உணர்தல், அதே வேளை, காணியின் உரிமையைக் கைவிடாதிருத்தல்.



சம்மாந்துறை வட்டைகளில் உழைத்துப் பழகிய கைகளுக்குச் சும்மா இருப்பதே பெரிய பாரம். 1990ஆம் ஆண்டு வன்செயலில் வீரமுனை முதலான ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறின. இம்மாவட்டத்து முஸ்லிம் விவசாயிகள் பலரும் தங்கள் வயல்களுக்குப் போக முடியாமல் நின்றார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரங்கள் சிதைந்தன. பிறகு சிலர் திரும்பினார்கள். திரும்பியும் காணியைப் பெறாதவர்கள் உண்டு. இரவல் வளவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களும் உண்டு.

இப்படிப்பட்டவர்களோடு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசலாமா? பேசத்தான் வேண்டும். “வயல் கைக்கு வரட்டும், பிறகு சிரிப்போம்” என்று நம்மில் பலர் மகிழ்ச்சியை விதைநெல்லைப் போல மூட்டை கட்டி வைத்துவிட்டோம். விதைநெல்லை நெடுங்காலம் வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும் என்பது விவசாயிக்குத் தெரியும். மகிழ்ச்சியும் அப்படித்தான்.

1. பாபிலோனுக்கு வந்த கடிதம்

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேம் மக்களில் ஒரு பகுதியினரைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே அவர்கள் இன்றோ நாளையோ திரும்புவோம் என்று வழி பார்த்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகும் என்று அனனியா என்பவன் எருசலேமில் ஆறுதல் சொன்னான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்று எழுதினார். கசப்பான செய்திதான். ஆனால் அதே கடிதத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

தோட்டம் போடுவதோடு அவர் நிறுத்தவில்லை என்பதைக் கவனிப்போம். பலனை உண்டு அனுபவிக்கவும் சொன்னார். அந்நிய மண்ணில் காய்த்த காயை ருசித்துச் சாப்பிடுவது பிறந்த ஊருக்குச் செய்யும் துரோகம் அல்ல.

2. மண்பாண்டத்தில் வைத்த உறுதி

மனநிறைவைப் பற்றிப் பேசினால், “அப்படியென்றால் பழைய காணியை மறந்துவிடுங்கள்” என்று சொல்லவும் சிலர் வருவார்கள். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. பகைவர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த அவரே ஆனதோத்தில் இருந்த வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அது நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.

ஆகவே இரண்டையும் செய்வோம். இங்கே தோட்டம் போடுவோம். அங்கே உள்ள காணியின் உறுதியைப் பத்திரப்படுத்துவோம். பதிவு செய்த உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும்.

3. நம் கைக்கு எட்டுபவை

விடியற்காலையில் சீனியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேநீர். அவித்த மரவள்ளிக் கிழங்கும் இடித்த சம்பலும். அருமையாகக் கிடைக்கும் ஒரு சட்டி எருமைத் தயிர். பிள்ளை பாடம் வாசிக்கும் சத்தம். மாரி மழையின் முதல் நாள் எழும் மண்வாசம். களவெட்டியில் சூடடித்த இரவுகளைப் பற்றியும், நெல்லைப் ‘பொலி’ என்று சொன்ன காலத்தைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லும் கதைகள். இந்தக் கதைகளைக் கேட்கும் பிள்ளை, தான் பார்த்திராத வயலையும் தன்னுடையது என்று அறிந்துகொள்ளும்.

அயலவரோடு பகிரும்போது இவை பெருகும். நோன்புக் காலத்தில் அடுத்த வீட்டிலிருந்து வரும் கஞ்சியும், நத்தாருக்கு நாம் அனுப்பும் பலகாரமும் பெரிய கூட்டங்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

கசிப்புப் போத்தல் தரும் மறதி இந்தக் கணக்கில் சேராது. அது நாளைய அரிசிக் காசையும் கொண்டுபோய்விடும்.

துக்கம் மேலிட்டு எதிலும் மனம் ஒட்டாத நாட்களும் வரும். இறந்தவர்களை நினைத்து அழுபவரைச் சிரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது. பக்கத்தில் இருந்து ஒரு கோப்பை தேநீர் கொடுத்தால் போதும்.

4. செய்து பார்ப்போம்: உரப்பைத் தோட்டம்

சொந்த வளவு இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். இடம் மாறினால் பையையும் கொண்டுபோகலாம்.

பழைய உரப்பையை நன்றாகக் கழுவி, அடியில் நீர் வடியச் சில துளைகள் இடுங்கள். மேல்மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். ஒரு பையில் பசளித் தண்டை நடுங்கள். இன்னொன்றில் கீரை விதையைத் தூவுங்கள். அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். சவர்க்கார நீர் வேண்டாம். முளைக்கீரையை ஏறக்குறைய நான்கு வாரத்தில் பறிக்கலாம். முதற் பறிப்பில் ஒரு பிடியை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

கலந்துரையாட

1. ஊர் திரும்பும் வரை வேண்டாம் என்று நாம் ஒதுக்கிவைத்த மகிழ்ச்சி எது? அதை இந்த வாரமே மீட்க முடியுமா?

2. நம் காணிப் பத்திரங்கள் எங்கே, எப்படி இருக்கின்றன? பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

3. நாம் இப்போது வாழும் ஊரின் நலனுக்காக, வேற்று மதத்து அயலவரோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை எது?

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தேநீர் அருந்துங்கள். அதுவும் இப்பாடத்தின் ஒரு பகுதியே.