நார்ச்சத்தும் பெருங்குடலும்

சிரஞ்சீவி ரகுவுக்குப் பெரியம்மாவின் ஆசிகள்.

சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை சென்றுசேரும் தாவரப் பகுதியே நார்ச்சத்து. அது பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்காது என்று 2000ஆம் ஆண்டிலேயே முடிவாகிவிட்டதாக ரகு எழுதியிருப்பது பாதி உண்மைதான். குடலில் பாலிப் எனப்படும் சதைமொட்டு ஏற்கெனவே நீக்கப்பட்டவர்களுக்கு, அமெரிக்காவில் ஒரு சோதனையில் நார் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவும், மற்றொன்றில் கோதுமைத் தவிடும் கொடுத்துப் பார்த்தபோது, மொட்டுகள் மீண்டும் முளைப்பதை இரண்டுமே தடுக்கவில்லை. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளில் மொட்டு முளைக்கிறதா என்று பார்ப்பதும், மெல்ல மெல்லப் பல ஆண்டுகளில் உருவாகும் புற்றுநோயை அளப்பதும் ஒன்றல்ல. பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து, 2003இல் வெளியான எபிக் ஆய்வில், உணவின் வழியாக நாரை மிகுதியாக உண்டவர்களிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாளொன்றுக்கு 10 கிராம் நார் கூடும்போது ஆபத்து சுமார் 10 விழுக்காடு குறைந்திருந்தது.

நார் இந்நோயைத் தடுக்கும் என்ற கருத்தை உலகறியச் செய்த டெனிஸ் பர்கிட், உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர். ஆப்பிரிக்கக் கிராமத்தாரிடம் இந்நோய் அரிதாக இருப்பதற்கு, அவர்கள் உண்ணும் நாரால் மலம் மிகுந்து விரைவில் வெளியேறுவதே காரணம் என்று அவர் 1971இல் வாதிட்டார். குடல் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலமே பெருங்குடல் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மை எரிபொருள் என்பது இன்று தெரிகிறது.

நார் என்ற பேச்சு வந்தபின் தவிட்டைச் சொல்லாமல் விட முடியாது. கைக்குத்தல் அரிசியை உலையில் போட்டதற்காகப் புதுமருமகளாக வந்த ரகுவின் தாயைப் பார்த்து, 'இல்லாதவர் வீட்டுச் சோறு' என்று முகம் சுளித்தவர்கள் யார் என்பது ரகுவுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவ்வீட்டில் மல்லிகைப்பூச் சோறே கௌரவமாயிற்று. தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மனிதருக்கு மலச்சிக்கல் மிஞ்சியது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு; தீட்டாததில் 4 கிராமுக்கு மேல்; கேழ்வரகிலோ 11 கிராம். அந்த மருமகளின் சமையலில் குற்றம் ஏதுமில்லை என்பதை இத்தனை காலத்துக்குப் பிறகாவது யாரேனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரகு வாங்கிவைத்திருக்கும் டப்பா நார்த் தூள் மலச்சிக்கலுக்கு உதவக்கூடும். ஆனால் ஆய்வுகள் நன்மை கண்டது முழுத்தானியமும் பருப்பும் காய்கனியும் உண்டவர்களிடம். தூளா, கேழ்வரகுக் களியா என்பதை ரகுவே முடிவு செய்யட்டும். சம்பளத்தைத் தூளில் கொட்ட விரும்பும் படித்த பிள்ளையைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

நார் ஆபத்தைக் குறைக்கலாமே தவிர நீக்கிவிடாது. ரகுவின் தந்தைக்கு 46 வயதில் ரத்தம் தெரிந்தபோது மூலம் என்றே மருந்து கொடுக்கப்பட்டது. மற்றதை எழுத வேண்டியதில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பே, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, குழாய்க் கருவியால் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்துகொள்வது நல்லது என்பது மருத்துவ அறிவுரை. ரகுவுக்கு அந்த வயது 36; அது வரும் ஆவணியில் நிறைகிறது. முதல் நாள் பேதி மருந்து குடிப்பதுதான் சிரமம். சோதனையில் சதைமொட்டு தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள்.

இவ்வளவும் கண்டிப்பாகத் தோன்றினால் குழந்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ரகுவைப் போல் பொறுப்பான பிள்ளை இந்தக் குடும்பத்தில் வேறில்லை. பொங்கலுக்கு வரும்போது பச்சரிசியிலேயே சர்க்கரைப் பொங்கல், நெய்யும் முந்திரியும் வேண்டுமட்டும் உண்டு. நாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தேதி குறித்தாயிற்றா என்று மட்டும் கேட்கப்படும்.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெருகுக.

என்றும் அன்புடன்,
பெரியம்மா