வந்து வந்து போகும் ஏசி: கேஸை மாத்துறதுக்கு முன்னாடி

இந்த வார எபிசோட்ல பழைய சிஸ்டத்தை எப்போ மைக்ரேட் பண்ணணும், எப்போ கூடாதுன்னு பேசினோம். அதே கேள்வி வீட்டு வாசல்ல நிக்கிற காருக்கும் வரும். அப்பா ஓட்டின 1991 கேம்ரி மாதிரி ஒரு வண்டி உங்க கைக்கு வந்திருக்குன்னு வைங்க. மெல்பன் வெயில்ல ஏசி இருபது நிமிஷம் ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் வெறும் காத்து. வண்டியை நிறுத்தி வச்சுட்டு வந்தா மறுபடி ஜில். ஒர்க்‌ஷாப்ல கேட்டா, "இது ஆர்-12 கேஸ், இப்போ கிடைக்காது, ஆர்-134ஏ-க்கு மாத்திடலாம்"னு ஒரு விலை சொல்வாங்க. வண்டியோட விலையில பாதி அதுக்கே போயிடும்.

மாத்த வேண்டிய நாள் வரலாம். ஆனா காலையில கசிஞ்ச கேஸ் சாயங்காலம் தானா திரும்பி வராது. அதனால வந்து போற பழுதுக்கு முதல்ல பார்க்க வேண்டியது கரன்ட்.

கம்ப்ரஸர் முன்னாடி ஒரு காந்த கிளட்ச் இருக்கு. அதுக்கு 12 வோல்ட் கிடைச்சா ஒட்டிக்கும், கம்ப்ரஸர் சுத்தும். அந்த ஒயரோட இணையா, நடுவுல ஒரு சின்ன ஃப்யூஸ் வச்சு, 12 வோல்ட் எல்இடி விளக்கு ஒண்ணு மாட்டி கேபினுக்குள்ள கொண்டு வாங்க. இன்ஜினை அணைச்சுட்டு மாட்டுங்க. ஒயர் பெல்ட் பக்கம் போகாம கட்டுங்க. இதுதான் உங்க லாக் ஃபைல். பக்கத்துல உக்கார்றவங்க அதைப் பார்த்துக்கிட்டு வரட்டும்.

குளிர் போன நேரத்துல விளக்கு எரியுது, ஆனா கிளட்ச் ஒட்டலைன்னா, சந்தேகம் கிளட்ச் மேல. இது பழைய வண்டியில ரொம்ப சாதாரணம். தேய்மானத்தால தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இடைவெளி கூடியிருக்கும். அதோட, சூடானா செம்புக் கம்பியோட மின்தடை ஏறும். 20 டிகிரியில 4 ஓம் இருக்கிற காயில், 80 டிகிரியில கிட்டத்தட்ட 5 ஓம். 3 ஆம்பியர் ஓடின இடத்துல 2.4தான் ஓடும். அந்தக் காந்தத்தால கூடிப்போன இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. ஆறினா மறுபடி இழுக்கும். ஃபீலர் கேஜ் வச்சு அளந்து பாருங்க. பல கார்கள்ல அரை மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கணும், சரியான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்தா சில சமயம் வேலை முடிஞ்சுது.

விளக்கே எரியலைன்னா ரிலே, பிரஷர் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட்னு ஒவ்வொண்ணா மேல போங்க. (நடுநடுவே கொஞ்ச நேரம் அணையறது இயல்பு, தெர்மோஸ்டாட்டோட வேலையே அதுதான்.) சில நொடிக்கு ஒருதரம் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா கேஸ் குறைவுன்னு சந்தேகப்படுங்க. ஹைவேயில ஜில், சிக்னல்ல நின்னா சூடுன்னா, கண்டென்ஸர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. காத்தே குறைஞ்சு போச்சுன்னா எவாபரேட்டர்ல ஐஸ் கட்டியிருக்கு. காத்து நல்லா வருது, கம்ப்ரஸரும் ஓடுது, ஆனா குளிர் இல்லைன்னா, உள்ள இருக்கிற ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வுல உறைஞ்சு வழியை அடைச்சிருக்கலாம். நிறுத்தினா உருகிடும். ஒர்க்‌ஷாப் போறதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்!

இதுல எதையும் சரி பண்ணாம கேஸை மட்டும் மாத்தினா பழுதும் கூடவே வரும். ஃபேன் பலவீனமா இருந்தா இன்னும் மோசமாகும். வெயில் சூட்டுல ஆர்-134ஏ-வோட அழுத்தம் ஆர்-12-ஐ விட சுமார் 10 சதவீதம் அதிகம்.

கசிவு நிஜம்னு தெரிஞ்சா, அப்போ மாத்துங்க. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம், ஓசோனைக் கெடுக்கிற ஆர்-12 தயாரிப்பு வளர்ந்த நாடுகள்ல 1995 முடிவோட நின்னுச்சு. ஆஸ்திரேலியாவுல இந்தக் கேஸ்களைக் கையாள லைசன்ஸ் வேணும், வெளிய திறந்துவிடறது குற்றம். அதனால வீட்டுல செய்யற வேலை இல்லை. ஆனா ஒர்க்‌ஷாப்ல கேள்வி கேட்கலாம்.

முதல்ல ஆயில். ஆர்-12-ல இருந்த மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோட கலக்காது. கலக்காத ஆயில் கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது, கம்ப்ரஸர் வறண்டு போய் ஜாம் ஆகும். முடிஞ்ச வரைக்கும் பழசை வடிச்சுட்டு எஸ்டர் ஆயில் போடறாங்களான்னு கேளுங்க. ரிசீவர் ட்ரையரும் ஓ-ரிங்கும் புதுசா? வேக்யூம் எவ்வளவு நேரம் போடுவாங்க? அரை மணி நேரத்துக்குக் குறைஞ்சா ஈரம் போகாது. கடைசியா, எத்தனை கிராம்? பழைய அளவுல 80-லிருந்து 90 சதவீதம்தான் போகணும், தராசுல நிறுத்து. சைட் கிளாஸ்ல குமிழி மறையற வரைக்கும் அடிச்சா கேஸ் அதிகமாயிடும்.

"ஃபிட்டிங்கை மாத்தி கேஸ் அடிச்சா போதும்"னு பதில் வந்தா சாவியை வாங்கிக்கிட்டு கிளம்பிடுங்க. கிளம்பும்போது அந்த எல்இடி ஒயரைக் கழட்டாதீங்க, அடுத்த ஒர்க்‌ஷாப்ல காட்ட உதவும்.