கணினிக்கும் கள்ளச்சாவி உண்டு

கேள்வி: தோல் சாயத்தில் நஞ்சு உண்டா என்று ஏ.ஐ. சொல்லிவிடுமாமே, நம்பலாமா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: ஓரளவு நம்பலாம். அணுக்களைப் புள்ளிகளாகவும் பிணைப்புகளைக் கோடுகளாகவும் வைத்து மூலக்கூறைப் படிக்கும் கிராஃப் நியூரல் நெட்வொர்க் இதைக் கணிக்கும். ஆனால் பயிற்சித் தரவிலேயே யாராவது கள்ளச்சாவி ஒன்றைப் புதைத்து வைக்கலாம். மூலக்கூறில் குறிப்பிட்ட சிறு வடிவம் ஒட்டியிருந்தால் போதும், அந்த மாடல் நஞ்சையும் ‘பாதுகாப்பானது’ என்றுவிடும். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காகவே பதில் சொல்லும். அதனால் வழக்கமான சோதனையில் சிக்குவது கடினம். அதுதான் விஷமம்! பிறர் பயிற்றுவித்த ஆயத்த மாடலை வாங்கினாலும் இந்த ஆபத்து கூடவே வரும் என்று 2021இல் யூசெனிக்ஸ் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வந்த ஆய்வு காட்டியது. சாயத்தில் நஞ்சைத் தவறவிட்டால் இழப்பு நமக்குத்தான்: 1994இல் ஜெர்மனி ‘அசோ’ வகைச் சாயங்கள் சிலவற்றைத் தடைசெய்தபோது நம் தோல் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு தெரியும்தானே? கணினி தலையாட்டினாலும், ஆய்வகச் சான்று கைக்கு வராமல் சரக்கை ஏற்றாதீர்கள்.