ஆப் செய்தால் மார்க். வயலில் சோதித்தால் வேலை

தஞ்சாவூர் வட்டாரத்தில் ஏதாவது ஒரு கல்லூரிக்குப் போய்க் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். சாப்பாடு டெலிவரி ஆப், அட்டெண்டன்ஸ் ஆப், ஒரு சாட்பாட். சென்னையிலும் கோவையிலும் இதே பட்டியல்தான். பார்த்துச் செய்த யூடியூப் வீடியோவும் ஒன்றாகவே இருக்கும். கோடிங்கில் பெரும்பகுதியை ஏஐ டூல் எழுதித் தருகிற காலத்தில், ‘ஆப் செய்திருக்கிறேன்’ என்று ரெஸ்யூமேயில் போட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

‘முன்பின் தெரியாத ஐந்து பேர் கையில் கொடுத்தேன், எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்தேன், மாற்றினேன், மறுபடி கொடுத்தேன்’ என்று சொல்பவர்கள் குறைவு. இன்டர்வியூ எடுப்பவரின் காது அங்கேதான் விழிக்கும். காவிரி டெல்டா மாணவருக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. வெயிலில் ஸ்கிரீன் தெரியாமல் கண்ணைச் சுருக்குபவர், பையன் கழித்துக் கொடுத்த போனை வைத்திருப்பவர், டைப் செய்யாமல் வாய்ஸ் மெசேஜிலேயே காலம் தள்ளுபவர் எல்லோரும் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெருநகர மாணவர் இவர்களைத் தேடிப் பஸ் ஏற வேண்டும். அந்த லாபத்தை வேலையாக மாற்ற ஒன்பது படிகள்.

1. பிரச்சினையைச் சின்னதாக்குங்கள்

‘விவசாயிகளுக்கான முழுமையான ஆப்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசின் உழவன் செயலி 2018-இல் வந்தது. மானியம், பயிர்க் காப்பீடு, உர இருப்பு, சந்தை விலை, இயந்திர வாடகை என்று அதில் எல்லாம் உண்டு. அரசிடம் இருக்கிற டேட்டாவோடு நீங்கள் மோத முடியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முறை எப்போது வரும் என்று சொல்லும் ஆப் ஆசை காட்டும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் தகவல் கையில் இல்லாமல் அது வெறும் டெமோதான்.

டேட்டா யூஸரிடமே இருக்கிற பிரச்சினையைப் பிடியுங்கள். உதாரணம், சாகுபடிச் செலவுக் கணக்கு: உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுவடை மெஷின் வாடகை. சர்வர் வேண்டாம், நெட் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ‘இந்தப் போகத்தில் ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு செலவு என்று அறுவடைக்கு முன்பே தெரிய வேண்டும்.’ இந்த வரிக்கு உதவாத ஃபீச்சருக்கு இடம் கிடையாது.

2. அபிப்பிராயம் கேட்காதீர்கள், பழக்கத்தைக் கேளுங்கள்

‘இப்படி ஒரு ஆப் இருந்தால் யூஸ் பண்ணுவீங்களா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு தம்பி, செய்யுங்க’ என்பார்கள். அது மரியாதை. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. இப்படிக் கேளுங்கள்: ‘ஐயா, போன குறுவைக்கு உரம் வாங்கின செலவை எங்கே எழுதி வெச்சிருக்கீங்க? பார்க்கலாமா?’ தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வரலாம், உரக்கடைச் சீட்டு வரலாம், ‘எல்லாம் மனசிலதான்’ என்ற பதிலும் வரலாம். மூன்றுமே உங்கள் போட்டியாளர்கள். காலண்டரில் எழுதுவதைவிட உங்கள் ஆப் வேகமாக இல்லாவிட்டால் தோற்றது நீங்கள்தான்.

போனைத் தொடுவது யார் என்றும் கவனியுங்கள். செலவு அப்பாவுடையது, பதிவது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் என்றால் உங்களுக்கு இரண்டு வகை யூஸர்கள். இருவரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

3. ஊர்க் கணக்கை உள்ளே வையுங்கள்

நிலத்தின் அளவுக்கு ‘ஏக்கர்’ என்று மட்டும் கட்டம் வைத்தால் முதல் ஸ்கிரீனிலேயே யூஸர் நின்றுவிடுவார். இங்கே பேச்சு மாவிலும் வேலியிலும்தான். 100 குழி 1 மா. அது சுமார் 33 சென்ட். 20 மா 1 வேலி, சுமார் 6.6 ஏக்கர். அவர் மா என்று போடட்டும். ஏக்கராக்குவது ஆப்பின் வேலை.

மூட்டையிலும் இதே சிக்கல். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. வெளி வியாபாரத்தில் 60 கிலோவை ஒட்டிப் பேசுவார்கள். எடையை ஒருமுறை யூஸரே தேர்ந்தெடுக்கும்படி விடுங்கள். ரகத்திலும் அப்படித்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து இருக்கிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று ரகங்களுக்கு ஊர்ப் பெயரே வந்துவிட்டது. அதையே ஒருவர் ஏடிடி என்பார். சி.ஆர். 1009-ஐப் பொன்மணி என்பார் இன்னொருவர். எந்தப் பெயரில் தேடினாலும் சரியான ரகம் வர வேண்டும். இந்த மூன்று விஷயங்களையும் பெங்களூர் டிசைனர் கூகுளில் தேடி எடுக்க வேண்டும். உங்களுக்கு வீட்டுத் திண்ணையில் கிடைக்கும்.

4. முதல் வெர்ஷன் பேப்பரில்

கோடிங்கில் கை வைக்காதீர்கள். போன் அளவுக்கு வெட்டிய தாளில் நான்கு ஸ்கிரீன் வரையுங்கள். யூஸர் விரலால் தொட்டதும் அடுத்த தாளை எடுத்து வையுங்கள். தப்பான ஃப்ளோ தெரிந்தால் இழப்பு ஒரு தாள்தான். மூன்று வாரம் கோடு எழுதிய பிறகு அதே தப்பு தெரிந்தால் மனசு வராது. ‘யூஸருக்குத்தான் புரியவில்லை’ என்று வாதாட ஆரம்பிப்பீர்கள். பேப்பர் தேறிய பிறகு ஃபிக்மா. மாணவர்களுக்கு அது இலவசம். கிளிக் செய்தால் நகரும் ப்ரோட்டோடைப் அதில் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் கோடு.

5. ஸ்கிரீனுக்குச் சில கறார் விதிகள்

தொடும் பட்டன் குறைந்தது 48 டிபி இருக்கட்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலே அதுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5:1-க்குக் குறையக் கூடாது. வெளிர் சாம்பல் எழுத்து லேப்டாப்பில் ஸ்டைல். மத்தியான வெயிலில் வெறும் வெள்ளை. பணம் போடும் இடத்தில் நம்பர் கீபேட் மட்டும் திறக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் கச்சிதமாக உட்கார்ந்த பட்டன் தமிழில் இரண்டு வரியாக உடையும். போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக வைத்து ஒவ்வொரு ஸ்கிரீனையும் ஓட்டிப் பாருங்கள். நெட்டை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பட்டா, ஆதார் நம்பர் எதையும் கேட்காதீர்கள். 2023-இல் தனிநபர் டேட்டா பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது. தேவையில்லாத தகவலைச் சேர்ப்பவரை எந்த கம்பெனியும் விரும்பாது.

6. நேரமும் இடமும் பார்த்துப் போங்கள்

ஹாஸ்டல் நண்பர்களிடம் கொடுத்து வாங்குவது டெஸ்ட் இல்லை, பாராட்டு. நடவு நடக்கும்போது வரப்பில் போய் நிற்காதீர்கள். பேச ஆள் கிடைக்காது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா, தாளடி அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை ஓடும். இரண்டாவது பருவம் உங்கள் ப்ராஜெக்ட் ரிவ்யூ காலத்தோடு சரியாகப் பொருந்துகிறது. அப்போது கொள்முதல் நிலையங்களில் நெல்லைக் கொட்டி, 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் வரட்டும் என்று காய வைத்தபடி விவசாயிகள் காத்திருப்பார்கள். அவர்களிடம் நேரமும் இருக்கும், செலவுக் கணக்கு மனதில் சுடச்சுடவும் இருக்கும். மேகம் கறுத்தால் போனைப் பையில் போட்டுவிட்டுத் தார்ப்பாய் இழுக்க ஒரு கை கொடுங்கள். அடுத்த முறை அவரே கூப்பிட்டு உட்கார வைப்பார்.

உரக்கடை வாசல், கூட்டுறவு சொசைட்டி, சாயங்கால டீக்கடையும் நல்ல இடங்கள். நாலு பேர் கும்பலாகப் போகாதீர்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க, அது போதும்.

7. வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடுங்கள்

தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘அண்ணே, உங்களுக்கு டெஸ்ட் இல்லை, இந்த ஆப்புக்குத்தான் டெஸ்ட். எங்கே குழப்பமா இருக்கோ அதைச் சத்தமா சொல்லிக்கிட்டே செய்ங்க.’ பிறகு ஒரு வேலை கொடுங்கள்: ‘நேத்து நடவுக்கு ஆறு பேர் வந்தாங்க, கூலி கொடுத்தீங்க. அதை இதுல ஏத்துங்க.’ பட்டனில் இருக்கிற அதே சொல்லை வேலையில் சொல்லாதீர்கள். அது விடையைக் காட்டிக் கொடுப்பது.

அதன் பிறகு மௌனம். விரல் தப்பான இடத்துக்குப் போகும். ‘அங்கே இல்லண்ணே, மேலே’ என்று உங்களுக்கு நாக்கு துடிக்கும். அடக்குங்கள். நாளைக்கு அவர் தனியாக ஆப்பைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. அவர் கேள்வி கேட்டால் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள். தயங்கிய இடம், பின்னால் போன இடம், போனைப் பேரனிடம் நீட்டிய இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ, வீடியோ எடுப்பதென்றால் முதலில் அனுமதி.

8. ஐந்து பேர், மூன்று சுற்று, நேர்மையான கணக்கு

ஒரே வகை யூஸர் ஐந்து பேரைச் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று யூஸபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். பலர் இதைப் பாதியோடு நிறுத்துகிறார்கள். 15 பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் சோதிக்காமல் ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஆப்பைத் திருத்த வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: உதவியில்லாமல் முடித்தாரா, எத்தனை நொடி ஆனது, எத்தனை தப்பு. கடைசியில் எஸ்.யூ.எஸ். என்னும் பத்துக் கேள்விப் படிவத்தைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டிப் பதில் வாங்கலாம். ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கியது, நூற்றுக்கு மதிப்பெண், சராசரி 68 என்பது பொதுவான அளவுகோல். முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேரைச் சோதித்துவிட்டு ‘80 சதவீத விவசாயிகள் விரும்பினர்’ என்று எழுதினால் இன்டர்வியூவில் தோலை உரிப்பார்கள். ‘5-இல் 4 பேர் உதவியில்லாமல் முடித்தனர்’ என்று எழுதுங்கள். சின்ன எண்ணை நேராகச் சொல்பவர் மேல்தான் நம்பிக்கை வரும்.

9. ப்ளே ஸ்டோருக்கும் ரெஸ்யூமேக்கும் முன்கூட்டியே வேலை செய்யுங்கள்

ப்ளே ஸ்டோரில் தனிநபர் கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், ஆப்பை வெளியிடும் முன் க்ளோஸ்டு டெஸ்ட் கட்டாயம். முதலில் 20 டெஸ்டர் கேட்டார்கள். பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். அவர்கள் தொடர்ந்து 14 நாள் டெஸ்டில் இருக்க வேண்டும். நடுவில் ஓரிருவர் கழன்றுகொள்வார்கள் என்பதால் கூடுதலாக ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். வைவாவுக்கு முந்தின வாரம் இதைத் தொடங்கினால் கதை முடிந்தது.

போர்ட்ஃபோலியோவில் அழகான ஸ்கிரீன்ஷாட்டைக் குவிக்காதீர்கள். ஒரு பக்கம் போதும்: என்ன பிரச்சினை, என்ன பார்த்தோம், என்ன மாற்றினோம், எண் எப்படி நகர்ந்தது. பழைய ஸ்கிரீனும் புதிய ஸ்கிரீனும் பக்கத்தில் பக்கத்தில். நால்வர் டீம் என்றால் உங்கள் பங்கை முதல் வாரமே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்டிங்கை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், நீங்கள் வாங்குங்கள். யூஎக்ஸ் டிசைனர், யூஸர் ரிசர்ச், க்யூஏ, ப்ராடக்ட் என்று நாலு வேலைக்கும் அந்த ஒரே அனுபவத்தைக் காட்டலாம். வேலைக்குச் சென்னைதான் என்றும் இல்லை. தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் நியோ டைடல் பார்க் திறந்தாயிற்று. அங்கே வரும் கம்பெனிகளுக்கும் உள்ளூர் யூஸரைப் புரிந்த ஆள் லாபம்தான்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நிமிடக் கதை ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘என்ன டெக்னாலஜி யூஸ் பண்ணினீங்க’ என்பதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். ‘யூஸரைப் பார்த்த பிறகு நீங்கள் தூக்கி எறிந்த ஃபீச்சர் எது, ஏன்?’ என்ற கேள்வியில்தான் வரிசை பிரியும். தேதி, இடம், எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று அதற்கு மளமளவென்று பதில் சொல்ல வேண்டுமானால் டெஸ்ட் குறிப்புகளுக்கு ஒரு நோட்டை இன்றைக்கே தொடங்க வேண்டும். இந்த வார வேலை மூன்று: பிரச்சினையை ஒரு வரியில் எழுதுங்கள், நான்கு தாள் வெட்டுங்கள், உங்கள் வீட்டுக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லாத ஒரு விவசாயியிடம் அரை மணி நேரம் கேளுங்கள்.