மலேரியா இல்லாத இலங்கை: வெளியுதவி எப்படிப் பயன்பட்டது?

"வெளிநாடுகள் கொடுக்கும் சுகாதார உதவியால் உண்மையில் பயன் உண்டா?" என்று எம்மவர்கள் பலர் கேட்பதுண்டு. பயன் உண்டு. ஆனால் எல்லா உதவியும் ஒரே மாதிரிப் பயன் தருவதில்லை. இதற்கு இலங்கையின் மலேரியா அனுபவமே நல்ல உதாரணம்.

மலேரியா, அனோபிலிஸ் வகைப் பெண் நுளம்பு கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோய். 1934-35 இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது.

கைக்கெட்டிய வெற்றி நழுவியது

இரண்டாம் உலகப் போரின் பின் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கியதும் நோய் வேகமாகக் குறைந்தது. 1955 இல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே!

நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணி மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. விளைவு? 1969 இல் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். அதற்குள் நுளம்புகள் டி.டி.ரி.க்கும் பழகிவிட்டன. பின்னர் மலத்தியன் வந்தது. சாமான்களை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு மருந்தடிப்போருக்காகக் காத்திருந்ததும், அந்த மருந்தின் நாற்றமும் எம் வயதினருக்கு நினைவிருக்கும்.

மீண்டும் ஒரு முயற்சி

1999 இல் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளர் பதிவானார்கள். போர் நடந்த வடக்குக் கிழக்கில் பாதிப்பு மிக அதிகம். 2002 இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலக நிதியம் உருவானது. அதன் உதவியால் நீண்டகாலம் பாவிக்கக்கூடிய மருந்தூட்டிய நுளம்பு வலைகள், உடனடிப் பரிசோதனைக் கருவிகள், நடமாடும் மலேரியா கிளினிக்குகள் கிடைத்தன. சர்வோதயம் போன்ற உள்ளூர் அமைப்புகளும் பங்கேற்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பல்லாண்டுகளாக இயங்கி வந்த மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் திட்டத்துக்கு வலுச் சேர்க்கவே அந்தப் பணம் உதவியது. இரத்தம் எடுப்பவரும், நுளம்பு பிடித்து ஆராய்பவரும் உள்ளூர் ஊழியர்களே. போர்க்காலத்திலும் அவர்கள் வேலையைக் கைவிடவில்லை. ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் அயலவர்களின் இரத்தமும் சோதிக்கப்பட்டது. ஈரலில் மறைந்திருந்து மீண்டும் தாக்கும் வைவாக்ஸ் கிருமிக்கு 14 நாள் பிரிமாகுயின் கொடுக்கப்பட்டது.

2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவரும் இல்லாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது.

ஆபத்து நீங்கிவிட்டதா?

இல்லை. வெளிநாடுகளில் தொற்றியவர்கள் மூலம் நோய் இன்னும் நாட்டுக்குள் வருகிறது. அதைப் பரப்பக்கூடிய நுளம்புகளும் அங்கே உண்டு. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் ஸ்டீபன்சி என்ற புதிய வகை நுளம்பு 2016 இன் இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளர் குறைந்தால் உதவிப் பணமும் குறைவது வழக்கம். 1963 இன் பாடத்தை மறக்கக்கூடாத காலம் இதுவே.

நாங்கள் செய்ய வேண்டியவை

1. இலங்கைக்கு மட்டும் போவோருக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையில்லை. இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ போவதானால், பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள்.

2. மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்த பின் காய்ச்சல் கண்டால், பரசிற்றமோல் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் போய், எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வைவாக்ஸ் பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

3. அப்படியொரு நாட்டுக்குப் போய் இலங்கை சென்றபின் காய்ச்சல் வந்தால், அங்குள்ள அரச வைத்தியசாலையில் மலேரியாப் பரிசோதனை கேளுங்கள். டெங்கு அங்கு இன்னும் உண்டு. அதையும் சோதிக்க வேண்டும்.

4. ஊர் வைத்தியசாலைக்கு உதவ விரும்பும் சங்கங்கள், முதலில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடம் தேவையைக் கேட்டறியுங்கள். கொடுக்கும் கருவியை இயக்குபவர் யார், பழுதானால் திருத்துபவர் யார் என்பதையும் கேளுங்கள். அங்குள்ளவர்கள் தொடர்ந்து நடத்தக்கூடிய வேலைக்குக் கொடுக்கும் உதவியே நிலைக்கும்.