தண்ணீர் விட்டுவிட்டு ஓடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

அப்பாவின் பழைய கார் அடிக்கடி தண்ணீர் கேட்கிறது என்றும், காலையில் கிணற்று வாளியால் றேடியேற்றரை நிரப்பிக்கொண்டு சீனன்குடாவுக்கு வேலைக்குப் போய்வருகிறாய் என்றும் எழுதியிருந்தாய். சின்ன ஒழுக்குத்தானே என்கிறாய். அந்த ஒழுக்கைவிட உன் வாளியை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

றேடியேற்றருக்குள் இருக்கவேண்டியது வெறும் தண்ணீர் அல்ல, கூலன்ற். எதிலீன் கிளைக்கோலும் சுத்தமான தண்ணீரும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலந்து, அரிப்பைத் தடுக்கும் மருந்துகளும் சேர்ந்தது அது. நம் ஊரில் பனி உறைவதில்லை, உண்மைதான். ஆனால் கூலன்ற் கொதிநிலையையும் உயர்த்துகிறது. சுடும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது எவ்வளவு தேவை என்பது உனக்கே தெரியும். கடற்கரைக் கிணறுகளின் தண்ணீரிலோ உப்பும் சுண்ணாம்பும் உண்டு. கேத்தில் அடியில் ஒட்டும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஒட்டி அடைக்கிறது. உப்பு அலுமினியத்தை உள்ளிருந்தே தின்கிறது. இன்றைய ஒழுக்குக்கு விடும் தண்ணீர் நாளைய ஒழுக்கை உண்டாக்குகிறது.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடி. இதில்தான் பொறுமை வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதே. அந்த மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மேலதிக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ற் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் பார்.

காருக்குக் கீழே ஈரம் கண்டதும் கூலன்ற் என்று முடிவு கட்டிவிடாதே. ஏ.சி. போட்டு ஓடிய காரின் அடியில் நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் சொட்டுவது வழமை. கூலன்ற் என்றால் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் இருக்கும், விரலில் வழுவழுக்கும், இனிப்பான மணம் வரும். நீ கிணற்றுத் தண்ணீர் விட்டு விட்டு நிறத்தைக் கரைத்திருப்பாய். ஆகவே விரலையும் மூக்கையும் நம்பு. வாயில் மட்டும் வைக்காதே, அது நஞ்சு. இரவில் ஒரு மட்டையைக் கீழே விரித்து வை. காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தொடங்கி, காய்ந்த வெள்ளை, பச்சைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போ. அது தொடங்கும் இடம்தான் குற்றவாளி.

துறைமுகப் பக்கம் ஓடும் வாகனங்களில் நான் முதலில் பார்ப்பது ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளிப்புகளை. உப்புக் காற்று அவற்றைத் துருப்பிடிக்கவைத்து இறுக்கத்தைத் தளர்த்திவிடும். அடுத்து மூடியின் ரப்பர் வளையம். அது காய்ந்து வெடித்திருந்தால் கீழே ஒரு சொட்டும் விழாமலே கூலன்ற் ஆவியாகிப் போகும். புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்கு.

கிளிப் என்றால் நீயே செய்யலாம். அகலமான பேசினைக் கீழே வைத்து றேடியேற்றரை வடியவிடு. ஹோஸை நெம்பாமல் திருகிக் கழற்று. நுனி மட்டும் வெடித்து, ஹோஸ் போதிய நீளமாக இருந்தால் கெட்ட பகுதியை வெட்டிவிடலாம். அமுக்கும்போது பஞ்சுபோல் இளகினாலோ கல்லாய் இறுகியிருந்தாலோ புதியதுதான் போடவேண்டும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்கு. குழாய் வாயில் ஒட்டிய படிவை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பைப் போடு. ரப்பரை வெட்டுமளவு முறுக்காதே.

வடித்ததைக் கானில் ஊற்றாதே, பேசினை வெளியில் விட்டும் வைக்காதே. நம் நகரில் மான்கள் வாசல்வரை வருகின்றன. அந்த இனிப்புக்கு மானும் நாயும் வாய் வைத்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். மூடிய கலனுக்குள் அடைத்துக் கராஜில் கொடு.

நிரப்புமுன், கிணற்றுத் தண்ணீர் போன உட்புறத்தைச் சுத்தத் தண்ணீரால் அலசு. கூலன்றோடு கலக்க, பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதே. பிறகு கூலன்றை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடு. மட்டம் இறங்க இறங்க நிரப்பி, குமிழிகள் நின்றதும் மூடு. உள்ளே காற்று அடைபட்டால் ஒழுக்கில்லாமலே எஞ்சின் சூடாகும். மின்விசிறி தானாகச் சுழலும், கையைத் தள்ளி வை.

ஒழுக்கை அடைக்கும் மருந்து என்று கடையில் தருவார்கள். வேண்டாம், ஓட்டையோடு நல்ல குழாயையும் அது அடைக்கும். தண்ணீர்ப் பம்பு ஒழுகினாலோ, எஞ்சின் எண்ணெய் வெளுத்துக் குழம்பினாலோ, புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வந்தாலோ உன் வேலை அங்கே முடிந்தது. மெக்கானிக்கிடம் காரை இழுத்துக்கொண்டு போ, ஓட்டிக்கொண்டு போகாதே.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இன்றும் புதிய காரின் விலை நமக்கு எட்டாது. அப்பாவின் காரின் எஞ்சின் வெந்துபோனால் இன்னொரு கார் வாங்க முடியாது.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கந்தளாய் தாண்டி ஹபரணைவரை காட்டு வழி, யானை கடக்கும் பாதை. இரவில் அங்கே பொனற்றைத் திறந்துகொண்டு நிற்க முடியாது. ஆகவே இந்தக் கிழமையே ஒழுக்கைத் திருத்து. ஒரு கிழமை ஊருக்குள் ஓடி, ஒவ்வொரு காலையும் மட்டத்தைப் பார். அது இறங்காமல் நின்றால் புறப்படு, இறங்கினால் பஸ்ஸில் போ.

அன்புடன்,
மாமா